கழற்றிவைத்த பேட்டரி

என் வீட்டுக்காரிக்குக் கோபம் அதிகம் என்று சொல்லாத ஆள் கிடையாது. வேலை செய்யும் இடத்தில் சொல்வார்கள், தெருவில் சொல்வார்கள். என் கூடப் பிறந்தவளே எனக்குப் போன் போட்டு, "அண்ணி இன்னைக்கு எப்படி இருக்காங்க, பேசலாமா?" என்று கேட்டுக்கொண்டுதான் அவளிடம் பேசுவாள். பட்டறையில் கடுகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆள் சின்னவள், சூடு பட்டால் வெடிப்பாள், அதனால் கடுகு. வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தக் கோபத்தால்தான் அவள் கை போச்சு என்று நாக்கில் நரம்பில்லாமல் ஒருத்தர் சொன்னார் பாருங்கள், அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். இன்னும் அடங்கவில்லை. அதனால் இதை என்னால் நிதானமாகச் சொல்லமுடியாது.

எங்களுடையது செயற்கைக் கால் செய்யும் பட்டறை. நான் அங்கே வேன் ஓட்டுகிறேன். கால் எடுக்கப்பட்டவர்களை வீட்டிலிருந்து ஏற்றிவருவதும், புதுக் காலோடு கொண்டுபோய் விடுவதும் என் வேலை. அவள் அங்கே முதலில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். ஒருநாள் ஒரு பெண்மணிக்குக் கால் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா வலிக்கிறது வலிக்கிறது என்கிறார். மாட்டுகிறவனோ பென்சிலால் கோடு மேல் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். இவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "அவங்க எவ்வளவு நேரமா கத்துறாங்க, உனக்குக் காது கேக்கலையா? கோடு போட்டது போதும், உள்ள விரலை விட்டுப் பாருய்யா!" என்று ஒரு சத்தம் போட்டாள். அவன் விரலை விட்டுப் பார்த்தான், விளிம்பில் ஒரு முண்டு இருந்தது. "இவ்வளவு பேசுறீங்கல்ல, நீங்களே செய்யுங்க" என்று அவன் முறைத்துக்கொள்ள, இவளும் விடவில்லை. அந்தச் சண்டையில்தான் அவளுக்கு அரைக்கிற அறையில் வேலை கிடைத்தது.

காலின் மிச்சம் போய் உட்காருகிற கிண்ணம் ஒன்று இருக்கிறது, சாக்கெட் என்பார்கள். கார்பன் துணியைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது. கல் மாதிரி இறுகிவிடும். அதன் விளிம்பு எங்கேயாவது துளி அதிகமாக இருந்தால் போதும், மாட்டுகிறவருக்கு நரகம். அந்தத் துளியை எடுக்கத்தான் கைக்குள் அடங்கும் ஒரு சின்ன கிரைண்டர், சுழன்று தேய்க்கிற மெஷின். வயர் கிடையாது, அடியில் பேட்டரி. முனையில் தேய்க்கிற கல்லும் மாட்டலாம், வெட்டுகிற டிஸ்க்கும் மாட்டலாம். வலது கையில் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு, இடது கட்டைவிரலைச் சாக்கெட்டின் உள்விளிம்பில் ஓட்டிப் பார்த்துப் பார்த்துத் தேய்ப்பாள். "கண்ணு ஏமாத்தும், கட்டைவிரல் ஏமாத்தாது" என்பாள். அந்த இடது கட்டைவிரல்தான் அவள் பிழைப்பே.

அந்தக் கிரைண்டரை அவள் நம்பினதே இல்லை. சின்னதாக இருக்கிறது, பேனா மாதிரி பிடிக்கிறோம் என்று அதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். முடியைத் தொப்பிக்குள் திணித்திருக்கவேண்டும். கண்ணுக்குப் பக்கம் மூடிய கண்ணாடி, மூக்குக்கு முகமூடி. கழுத்தில் ஒன்றும் தொங்கக்கூடாது. துணிக் கையுறை போட்டால் நூலை இழுத்து விரலையும் சேர்த்துச் சுற்றிவிடும், அதனால் அதுவும் கூடாது. டிஸ்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கீறல் இருந்தால் அப்போதே உடைத்துக் குப்பையில் போடுவாள். "அப்புறம் யாராவது நல்லாத்தான இருக்குன்னு எடுத்து மாட்டுவாங்க" என்பாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தாள். முனை மாற்றும்போது பேட்டரியைக் கழற்றித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளவேண்டும். அதற்கென்றே தனியாக ஒரு பை தைத்திருந்தாள். சாவியோ சில்லறையோ அந்தப் பைக்குள் போகக்கூடாது, உரசிச் சூடாகிவிடும். பேட்டரி கழன்று கிடந்தால் மெஷின் தூங்குகிறது, யாரும் பயப்படவேண்டாம். அந்த அறையில் அதுதான் பேச்சு.

வீட்டிலும் இதே பாடுதான். மிக்ஸி ஜாருக்குள் கரண்டி விடுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்காவிட்டால் அன்று எனக்குச் சாப்பாட்டோடு திட்டும் கிடைக்கும். வெயிலில் நிற்கிற என் வேனுக்குள் பேட்டரியை வைக்க விடமாட்டாள். மடியில் வைத்துக் கொண்டுவருவாள். "கைக்குழந்தையா அது?" என்று ஒருநாள் கேட்டேன். "குழந்தைன்னா அழும், இது சொல்லாம கொள்ளாம வெடிக்கும், வண்டியப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

எங்கள் மேலாளருக்கு ஆகட்டும் என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பாக்கலாம்" என்பார். கூரை ஒழுகுகிறது, ஆகட்டும். வேனுக்கு பிரேக் பிடிக்கவில்லை, ஆகட்டும். அதென்ன மரத்தில் காய்க்கிற பழமா, ஆகட்டும் என்று காத்திருக்க? அரைக்கிற அறைக்குள் அவர் கால் வைத்ததே கிடையாது. கறுப்புத் தூசி சட்டையில் ஒட்டும்.

அந்தக் கறுப்புத் தூசிதான் விஷயம். கார்பன் தூசிக்குள் கரண்ட் பாயும். அது கிரைண்டரின் காற்றுத் துளை வழியாக உள்ளே போய்ச் சேர்ந்தால், ஓடக்கூடாத நேரத்தில் மெஷின் ஓடும். அதனால் தினமும் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, முகமூடியோடு உட்கார்ந்து, உலர்ந்த பிரஷ்ஷால் ஒவ்வொரு துளையாகத் துடைப்பாள். தூசியை உறிஞ்சி இழுக்கிற மெஷின் ஒன்று வேண்டும் என்று ஆகட்டும் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். அவர் ஆகட்டும் என்றார். கடைசியில் ஒருநாள் சுவிட்சைப் பின்னால் தள்ளியும் கிரைண்டர் நிற்காமல் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றது. அன்றே அதைத் துணியில் சுற்றிக் கட்டி, அலமாரியில் போட்டாள். "சுவிட்ச் செத்துப்போச்சு சார். வேற வாங்குற வரைக்கும் அரத்தால தேய்ச்சுக்கிறேன்" என்றாள். அரத்தால் தேய்த்தால் வேலை ஆமை வேகம். ஆகட்டுமுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். பட்டறையில் அரைக்கிற அறையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவன் கண்ணாடி.

கண்ணாடி என்றால் அவள் கூட வேலை செய்கிறவன். பார்வைக்குப் போடுகிற கண்ணாடியையே பாதுகாப்புக் கண்ணாடி என்று சாதிப்பான், அதனால் அந்தப் பெயர். இவளுக்குத் தம்பி மாதிரி. அக்கா அக்கா என்று சுற்றுவான், என்னை மாமா என்பான். எங்கள் வீட்டில் சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவன் பிள்ளைகள் இரண்டும் என் தோளில் ஏறி வளர்ந்தவை. 

ஆகட்டும் அவனைக் கூப்பிட்டு, "அந்த சுவிட்ச எப்படியாவது சரிபண்ணுப்பா" என்றிருக்கிறார். இவன் துணியைப் பிரித்து நோண்டிப் பார்த்திருக்கிறான். சுவிட்ச் முன்னாலும் பின்னாலும் நகர்கிறது, ஆனால் உள்ளே ஒட்டிப்போய்விட்டது. எங்கே தள்ளினாலும் ஓடுகிறது. அப்போது இவன் மூளைக்கு ஒரு வழி தோன்றியிருக்கிறது. பேட்டரியைச் செருகினால் ஓடும், உருவினால் நிற்கும். சுவிட்ச் எதற்கு? பேட்டரியே சுவிட்ச்! அப்படியே வேலையை ஓட்டிவிட்டான். ஆகட்டும் கேட்டதற்கு, "ஓடுது சார்" என்று சொல்லியிருக்கிறான். பொய் இல்லையே. ஓடத்தானே செய்தது? அவரும் எழுந்துவந்து பார்க்காமல், என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டு, "சுவிட்ச் சரி ஆயிடுச்சும்மா, வேலை தேங்கிக் கிடக்கு, வந்துடு" என்றார்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். பேட்டரி கழன்று கிடந்தால் மெஷின் தூங்குகிறது என்பது அவள் போட்ட சட்டம். அதே அறையில், அதே மேஜையில், பேட்டரி கழன்று கிடந்தால் மெஷின் பாய்வதற்குத் தயாராக இருக்கிறது என்று ஆக்கிவைத்தான் அவன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் திரும்பிப் போன அன்று காலையில் ஒரு தபால்காரரை நான்தான் ஏற்றிவந்தேன். சாக்கெட் விளிம்பு குத்துகிறது என்று முனகிக்கொண்டே வந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நானும் வாசல்பக்கம் நின்றேன். அவள் தொப்பி, கண்ணாடி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டாள். கண்ணாடி கிரைண்டரை எடுத்து நீட்டினான். டிஸ்க் மாட்டியிருந்தது, பேட்டரி தனியாக இருந்தது. அவள் வழக்கப்படி முதலில் சுவிட்சைப் பார்த்தாள். பின்னால்தான் தள்ளியிருந்தது. "சரி பண்ணிட்டாங்களாமேடா?" என்று கேட்டாள். அவன் "ம்" என்றான். அந்த "ம்"மை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

ஓடாத மெஷினைப் பிடிக்கிற பிடி வேறு, ஓடுகிற மெஷினைப் பிடிக்கிற பிடி வேறு. அவள் தூங்குகிற மெஷினைப் பிடிப்பதுபோல, டிஸ்க்குக்குச் சற்றுக் கீழே அதன் கழுத்தை இடது கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு, அடியில் பேட்டரியைச் செருகினாள். கிரீச் என்று ஒரு சத்தம். கிரைண்டர் அவள் பிடியிலிருந்து துள்ளியது. டிஸ்க் கட்டைவிரல் அடியில் இறங்கி, உடைந்து, ஒரு துண்டு அவள் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. அதைப் போடாமல் இருந்திருந்தால் கண்ணும் போயிருக்கும். கீழே விழுந்தும் அது நிற்காமல் தரையில் உருண்டு உருண்டு ஓடியது. கண்ணாடிதான் பாய்ந்து பேட்டரியை உருவினான். அவனுக்குத்தான் தெரியுமே எப்படி நிறுத்துவது என்று! தபால்காரர் ஒற்றைக் காலில் தாவிவந்து தன் துண்டால் அவள் கையை இறுக்கிக் கட்டினார். நான் வேனை ஓட்டினேன். எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

விரல் துண்டாகவில்லை. உள்ளே நரம்பும் தசைநாரும் அறுந்திருந்தன. தைத்தார்கள். "மடங்குமான்னு பாப்போம்" என்றார் டாக்டர். அவரும் ஆகட்டும் வீட்டுச் சொந்தக்காரராக இருப்பாரோ என்று எனக்கு எரிச்சல் வந்தது.

பட்டறையில் பேச்சு அதற்குள் கிளம்பிவிட்டது. ஆகட்டும் எல்லோரிடமும் சொன்னாராம்: "மெஷின்ல ஒரு குறையும் இல்ல. ரிப்பேர் பண்ணி நல்லா ஓடிட்டிருந்துச்சு. இந்தம்மாவுக்குத்தான் எதுலயும் அவசரம், எதுக்கெடுத்தாலும் கோபம். சுவிட்ச ஆன்ல வெச்சு பேட்டரியைப் போட்டிருக்கும்." எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வேலை செய்கிறவளா அவள்? தினமும் ஒவ்வொரு துளையாகத் துடைத்தவளா? தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வரப்போவதாகச் சொன்னார்கள். கவனக்குறைவு என்று முடிவானால் வேலை இல்லை. கட்டைவிரலும் மடங்காமல், கவனமில்லாதவள் என்ற பெயரும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் வேறு எந்தப் பட்டறை சேர்க்கும்?  கோபக்காரி கோபப்படாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கண்ணாடி பழப்பையோடு வந்தான். கதவோரம் நின்று, "மாமா" என்றான். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சுவிட்ச் நெஜமாவே சரியா இருந்துச்சாடா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "சரியாத்தாங்க்கா இருந்துச்சு" என்றான்.

"என் மூஞ்சியப் பாத்து சொல்லு."

அவன் பார்க்கவில்லை.  பையை வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனைப் பின்னாலேயே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன், அவள்தான் "விடுங்க" என்றாள். அந்தப் பழங்களை நான் அப்படியே எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன். ஒன்றைக்கூட எங்கள் வீட்டில் வெட்ட விடவில்லை.

விசாரணை நாளில் ஆகட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார். அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள், சுவரோரம் கண்ணாடி.

"சுவிட்ச் நல்லா இருந்ததுன்னு நீங்க பார்த்தீங்களா?" என்று அதிகாரி ஆகட்டுமிடம் கேட்டார்.

"என் ஆளே சரிபண்ணினாம்மா. இவன்தான். கேளுங்க."

"ஓடிட்டிருந்துச்சு மேடம்" என்றான் கண்ணாடி. மறுபடியும் அதே ஓடுது!

"இவங்ககிட்ட யாரும் நெருங்க முடியாதும்மா" என்று ஆகட்டும் ஆரம்பித்தார். "ஒண்ணு சொன்னா பத்து சொல்லுவாங்க. அந்தக் கோபத்துலதான் கை தவறியிருக்கு. கோபம்தாம்மா கையைக் கெடுத்துச்சு."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "தூசி இழுக்குற மெஷின் எத்தன தடவ கேட்டா, என்ன சொன்னீங்க சார் நீங்க?" என்று எழுந்துவிட்டேன். அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். "அந்த மெஷினைக் கொண்டுவாங்க" என்றார்.

ஆகட்டும் தன் அலமாரியைத் திறந்து கிரைண்டரை எடுத்தார். உடைந்த டிஸ்க்கின் மிச்சம் முனையில் இருந்தது. "புதுசு ஒண்ணு மாட்டுப்பா, அம்மாவுக்கு ஓட்டிக் காட்டுவோம்" என்று கண்ணாடியிடம் நீட்டினார். அவன் மாட்டினான். இறுகின நட்டையே திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தான். ஆகட்டும் அதை வாங்கி, வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கழுத்து நாடா டிஸ்க் மேலேயே ஊசலாடியது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை, ஒன்றும் இல்லை.

"பாருங்கம்மா. இது ஆன். இது ஆஃப். இப்ப ஆஃப்ல வெச்சிருக்கேன். பேட்டரியைப் போட்டா ஒண்ணும் ஆகாது." பேட்டரியைக் கையில் எடுத்தார்.

என் வீட்டுக்காரி நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தாள். "சார், அந்தக் கயிற மொதல்ல கழுத்துலேர்ந்து—"

"நீ உக்காரும்மா, எல்லாம் எனக்குத் தெரியும்."

நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். வெளிப்படையாகவே சொல்கிறேன், போடட்டும் என்றுதான் பிடித்தேன். அவள் என் கையை உதறிவிட்டு மறுபடி எழுந்தாள். அதற்குள் அவர் பேட்டரியை அடிப்பக்கம் கொண்டுபோய்விட்டார்.

"சார்! போடாதீங்க! போடாதீங்க சார்!"

கத்தியவன் கண்ணாடி. சுவரோரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, ஆகட்டும் கையிலிருந்து பேட்டரியைப் பிடுங்கினான். மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. பேட்டரியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றான். ஆகட்டும் திருதிருவென்று முழித்தார்.

"ஏன்?" என்றார் அதிகாரி. "சுவிட்ச் ஆஃப்லதான இருக்கு. ஏன் போடக்கூடாது?"

அவன் பேட்டரியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.  அறையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரி கட்டுப் போட்ட கையை மேஜைமேல் வைத்து, அவனைப் பார்த்தாள்.

"என் கையில குடுத்தப்ப இந்த வாய் எங்கடா போச்சு?"

அவள் கத்தவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் கத்தாமல் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். அதிகாரி கிரைண்டரைத் தானே வாங்கி ஒரு பையில் போட்டு மூடினார். கண்ணாடியை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். அவன் அழுதுகொண்டே சொன்னான். ஒட்டிப்போன சுவிட்ச், பேட்டரியை உருவி நிறுத்தியது, "ஓடுது சார்", எல்லாம் வெளியே வந்தது. "இவங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. வேலைக்கும் ஒண்ணும் ஆகாது" என்று அதிகாரி எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆகட்டும் பக்கம் திரும்பி, "நீங்க இருங்க" என்றார்.

நாங்கள் வெளியே வந்தோம். நான் வேன் கதவைத் திறந்தபோது கண்ணாடி பின்னாலேயே ஓடிவந்தான். பேட்டரி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"அக்கா, அன்னைக்கே சொல்லணும்னுதான் வாயெடுத்தேன். நீங்க கட்டிவெச்சத நான் பிரிச்சுட்டேன்னு தெரிஞ்சா திட்டுவீங்களேன்னு... பயந்துட்டேங்க்கா."

 அவள் பேட்டரியை வாங்க, பழக்கத்தில் இடது கையை நீட்டினாள். கட்டைவிரல் மடங்கவில்லை. வலது கையால் வாங்கி, அன்றும் போட்டுவந்திருந்த வேலைக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டாள்.

"திட்டியிருந்தா உனக்குக் காது வலிச்சிருக்கும். அவ்வளவுதானடா?" என்றாள்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.